தொட்டில் ரூம் மதிவதனி வாங்கிய புத்தகங்கள்

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகிற வழியில் கோவிந்தராஜுலுவின் நூல் மில் இருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக அங்கே தனியாக ஓர் அறை உண்டு. பன்னிரண்டு தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பலகையில் வேறு என்னவோ பெயர் எழுதியிருந்தாலும் எல்லோரும் அதைத் தொட்டில் ரூம் என்றுதான் சொன்னார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட மதிவதனியைத் தொட்டில் ரூம் மதி என்றார்கள்.

1995 டிசம்பரில் ஒருநாள், முதலாளியின் மனைவி பத்மாவதி தொட்டில் ரூமுக்கு வந்தார். கையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம்.

"மதி, புது வருசத்துக்கு எப்பவும் டிபன் பாக்ஸ்தான் குடுக்கறோம். இந்த வருசம் தொழிலாளிக ஊட்டுப் புள்ளைக எல்லாத்துக்கும் ஆளுக்கொரு புத்தகம் குடுக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

"நல்லதுங்கம்மா."

"எங்க புள்ளைக கிஷனுக்கும் பிரீத்திகாவுக்கும் அவங்க மாமா இதை அனுப்பியிருக்காரு. புது வருசத்துல என்னென்ன செய்யப்போறோம்னு புள்ளைகளே எழுதி வெக்கறதுக்கு உள்ளயே இடம் உட்டிருக்காங்க பாரு. அந்த மாதிரி, வருசத்தை நல்லபடியா ஆரம்பிக்கற புத்தகமா இருக்கணும். நீயே பாத்து வாங்கிரு. உனக்குத்தான் எல்லாப் புள்ளைகளையும் தெரியும்."

மதிவதனி அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினாள். பாதிப் பக்கங்களில் வெறும் கோடுகள்தான் இருந்தன. கோடு போட்ட நோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பா சின்னானும் அம்மா சின்னாத்தாளும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவது வரை படித்த முதல் ஆள் அவள்தான். தேறிய பிறகு அடுத்து என்ன செய்வதென்று சொல்ல வீட்டில் யாருமில்லை. மில்லில் ஆள் கேட்டார்கள், சேர்ந்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அந்தத் தொட்டில்களில் கிடந்த பிள்ளைகளில் மூத்தவர்கள் நாலாவது, ஐந்தாவது போய்விட்டார்கள். அவர்களுடைய அண்ணன்மார் அக்காமாரையும் அவளுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எதற்கு அழும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பாடப் புத்தகம் தவிர ஒரு புத்தகத்தையும் அவள் முழுதாகப் படித்ததில்லை. அதைப் பத்மாவதி அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவருடைய கார் கிளம்பிவிட்டது.

டைம் ஆபீஸில் வருகை பதிகிற பிரான்சிஸைத்தான் முதலில் கேட்டாள். வயதில் மூத்தவர், விஷயம் தெரிந்தவர்.

"ஏனுங்கண்ணா, வருசத்தை நல்லபடியா ஆரம்பிக்கற புத்தகம்னா என்னங்க?"

"எந்த வருசத்தை அம்மணி?" என்றார் பிரான்சிஸ். "எங்க சர்ச்சுல ஜனவரி ஒண்ணுங்க புது வருசம். உங்க ஊட்ல சித்திரை. பள்ளிக்கூடத்துக்கு ஜூன் மாசம். அரைப் பரீட்சை முடிஞ்சு லீவுல திரியற புள்ளைகிட்டப் போயி, ஆரம்பம்னு சொன்னா அதுக்கு என்ன வெளங்கும்?"

அதுவரை அவளுக்கு ஒரு குழப்பம்தான் இருந்தது. இப்போது இரண்டானது.

"நீங்களே சொல்லுங்க, என்ன வாங்கறது?"

"கணக்குப் புத்தகம் வாங்குங்க. கணக்கு வந்துட்டா மத்தது தானா வரும்."

நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதிப் பெண்களைக் கேட்டாள். ஒருத்தி சாமி படம் போட்ட புத்தகம் என்றாள். இன்னொருத்தி, பிள்ளைகள் தட்டில் சோற்றை மிச்சம் வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிற புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மூன்றாவது பெண், "டிபன் பாக்ஸே குடுத்தறச் சொல்லு மதி, எங்க ஊட்ல மூடி ஒடஞ்சு கெடக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி கோயம்புத்தூர் போனாள். டவுன்ஹாலில் இறங்கி, உக்கடம் பக்கம் ஒரு சந்தில் இருந்த முஸ்தபாவின் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தாள். வாசலில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடந்தன. உள்ளே அலமாரிகளில் புதியவை. முஸ்தபா ஐம்பது வயதுக்காரர். நெற்றிக்கு மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து ஐந்து புத்தகங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லாவற்றின் அட்டையிலும் யாராவது ஓர் ஆள் மலை ஏறிக்கொண்டிருந்தான், இல்லை கைகளை விரித்துக்கொண்டு நின்றான். "பொங்கல் வரைக்கும் இதுகதான் போகுமுங்க" என்றார்.

மதிவதனி ஒன்றைத் திறந்து நின்றபடியே படித்தாள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திரு. குளிர்ந்த நீரில் குளி. சோம்பலை விரட்டினால் உன் வாழ்க்கை மாறும். அவளுக்குச் சின்னாத்தாளின் ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாக நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் அம்மா தோட்டத்துக்குப் போகிறாள். இந்தப் புத்தகம் எழுதியவர் பொய் சொல்கிறாரா, அல்லது அம்மா செய்ததில் ஏதாவது ஒன்று குறைந்துவிட்டதா? அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

"இது வேண்டாமுங்க" என்றாள்.

"வேற எப்படி வேணும்?"

"தெரியலீங்க."

முஸ்தபா கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். "எத்தனை புள்ளைக?"

"நாப்பத்தியொண்ணுங்க."

"செரி, உக்காருங்கம்மா. ஒவ்வொரு புள்ளையா சொல்லுங்க. என்ன வயசு, சும்மா இருக்கறப்ப என்ன பண்ணும்?"

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கேன்டீன்காரர் மகன் எட்டாவது படிக்கிறான், வீட்டு மிக்ஸியை இரண்டு தடவை பிரித்துப்போட்டு அடி வாங்கியிருக்கிறான். முஸ்தபா மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவதைப் படம் போட்டு விளக்குகிற புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, எதைக் கண்டாலும் அதோடு பேசுவாள், நாயோடும் பேசுவாள், பம்பு செட்டோடும் பேசுவாள். மிருகங்கள் பேசிக்கொள்கிற கதைப் புத்தகம் வந்தது. ஒரு பையனுக்கு வாய் திக்கும், யார் முன்னாலும் பேச மாட்டான், காகிதம் கிடைத்தால் மட்டும் எதையாவது மடித்துக்கொண்டிருப்பான். காகித பொம்மைகள் செய்கிற புத்தகம். இப்படியே சாயங்காலம் வரை போனது. நடுவில் முஸ்தபா இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார். "இந்தப் புள்ளைக்கு மட்டும் என்ன குடுக்கறதுன்னு தெரியலயே" என்று அவரே சில சமயம் தலையைச் சொறிந்துகொண்டார். அப்படிப் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களுக்குக் குத்துமதிப்பாக எடுத்தார்கள்.

கடைசியாக அவள் சொன்னது யுவஸ்ரீயைப் பற்றி.

யுவஸ்ரீக்குப் பதினைந்து வயது. கோன் வைண்டிங் பகுதியில் வேலை செய்த மயிலாத்தாளின் மூத்த மகள். ஒன்பதாவது தேறி அந்த ஜூனில் பத்தாவது போயிருக்க வேண்டியவள். வீட்டில் தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டதால் அவரைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் அம்மாவுக்குச் சோறு கொண்டுவரும்போது தொட்டில் ரூமுக்குள் வந்து தம்பியைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே, தொட்டிலுக்கு அடியில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளைக் குனிந்து படிப்பாள். தாள் தலைகீழாகக் கிடந்தால் சுற்றிப்போய் மறுபக்கம் நின்று படிப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மதிவதனிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். மயிலாத்தாள் வருத்தப்படுவாளோ என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

அவளுக்காக நட்சத்திரங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். கனத்த தாள், கறுப்பு அட்டை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்துக்குள் வைக்க ஒரு கடிதம் எழுதினாள். வேறு யாராவது படித்தாலும் அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பெயரை எழுதாமல் விட்டாள். "கண்ணு, மறுபடியும் படிக்க ஆசை இருந்தா எங்கிட்ட வா. காலையில மில்லுச் சங்கு ஊதறதுக்கு அரை மணி நேரம் முன்னால நான் தனியாத்தான் இருப்பேன். உங்க வீட்டுல நான் பேசறேன். பயப்படாதே. தொட்டில் ரூம் மதி." நாலு முறை கிழித்து எழுதி ஐந்தாவதை வைத்தாள். பிறகு ஒவ்வொரு புத்தகத்தையும் செய்தித்தாளில் சுற்றி, பெயர் எழுதிய சீட்டை நூலால் கட்டி, இரண்டு சாக்குப் பைகளில் போட்டு முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி ஒன்றாம் தேதி கேன்டீனுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மதிவதனி போனபோது மேஜைமேல் நாற்பத்தொரு பொட்டலங்கள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி ஊதா நிற ஜிகினாத் தாளில் சுற்றியவை. அவளுடைய செய்தித்தாளும் இல்லை, சீட்டும் இல்லை.

"பழைய பேப்பர்ல சுத்தியிருந்துது, நல்லாவே இல்ல. வேலைக்காரங்களை உட்டு எல்லாத்தையும் பிரிச்சு மாத்திப்போட்டேன். இப்ப எப்படி இருக்குது?" என்றார் பத்மாவதி.

மதிவதனி பொட்டலங்களைப் பார்த்தாள். அளவை வைத்து ஒன்றிரண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றியது. மற்றதை என்ன செய்வது? எல்லாவற்றையும் இங்கேயே பிரிக்கச் சொல்ல முடியுமா? அந்த அம்மா சந்தோஷமாக நிற்கிறார். பிள்ளைகள் எண்ணெய் வைத்த தலையோடு வரிசையில் நிற்கிறார்கள். முதல் பிள்ளை கை நீட்டிவிட்டது. வாயைத் திறந்தவள், "நல்லா இருக்குதுங்கம்மா" என்று சொன்னாள். சொன்ன பிறகு தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

யுவஸ்ரீ வாங்கிக்கொண்ட பொட்டலம் மெல்லியதாக இருந்தது. அது நட்சத்திரப் புத்தகம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த இரண்டு வாரம் தொட்டில் ரூமில் இதே பேச்சாக இருந்தது. மோட்டார் காயில் புத்தகம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் போயிருந்தது. அவள் படங்களுக்கெல்லாம் வண்ணம் தீட்டிவிட்டாள். மிக்ஸியைப் பிரித்த பையனுக்குக் கோலப் புத்தகம் கிடைத்தது. அவன் அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு மார்கழி முடியும்வரை தினம் ஒரு கோலம் போட்டாள், திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு வீட்டில் ஜிகினாத் தாள் அழகாக இருக்கிறது என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வாய் திக்கும் பையனுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சிப் புத்தகம் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கேட்டதும் மதிவதனிக்கு அழுகையே வந்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று காகித பொம்மைப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் தரவில்லை. புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அதை அவன் யாருக்கும் தெரியாமல் படித்துப் பழகுகிறானா, அல்லது பக்கங்களைக் கிழித்து மடிக்க வைத்திருக்கிறானா என்று அவன் அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஆனால் அவள் உண்மையில் தேடியது அந்தக் கடிதத்தை. கடிதம் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. "நட்சத்திரம் போட்ட கறுப்புப் புத்தகம் யாருக்குங்க வந்துது?" என்று மட்டும் கேட்டாள். ஒரு பெண் தன் வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவந்து காட்டினாள். அது பஞ்சாங்கம், புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொருத்தி, கறுப்புப் புத்தகம் வந்தது, எடைக்குப் போட்டுவிட்டேன் என்றாள். அதுதானா என்று கேட்டால் அவளுக்கு அட்டையே ஞாபகமில்லை. மதிவதனி கருமத்தம்பட்டியில் இருந்த பழைய பேப்பர் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கிளறிவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் அவள் தொட்டில்களின் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பங்காரு வந்து நின்றாள். ரீலிங்கில் வேலை செய்பவள். முப்பத்திரண்டு வயது. அவள் மகன் ஒன்றாவது படித்தான். மில்லில் யாரோடும் அதிகம் பேசாதவள். சங்கு ஊத இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"வாங்க பங்காருக்கா. பையனுக்கு மேலுக்கு நல்லா இல்லைங்களா?"

பங்காரு முந்தானையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மதிவதனிக்குத் தன் கையெழுத்து தெரிந்தது.

"என்ற பையன் புத்தகத்துல இருந்துதுங்க" என்றாள் பங்காரு. "இதை எனக்கு எழுதலைன்னு தெரியுமுங்க. நான் உங்களை உட மூத்தவ, என்னைப் போயி நீங்க கண்ணுன்னு கூப்பிட மாட்டீங்க. வேற யாருக்கோ வெச்சது மாறி வந்திருச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. குடுத்தறலாம்னுதான் நெனச்சேன்."

"பரவாயில்லீங்க்கா."

"குடுக்க மனசு வரல. மூணு வாரமா வெச்சிருந்தேன். படிக்க ஆசை இருந்தா வான்னு எழுதியிருக்குது. எனக்கு இருக்குதுங்க. அதான் வந்துட்டேன்."

ஒரு பக்கம் கடிதம் கிடைத்ததில் நிம்மதி. இன்னொரு பக்கம், யுவஸ்ரீக்கு அது போகவில்லை என்பது உறுதியாகிவிட்டது. எதிரே நிற்பவளுக்கு என்ன சொல்வது? பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தால் பழைய பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய் தலைமையாசிரியரைப் பார்க்கலாம். முப்பத்திரண்டு வயதுக்காரியை எங்கே அழைத்துப்போவது?

"எது வரைக்கும் படிச்சீங்கக்கா?"

"ஏழாவது. எட்டாவதுல ஒரு மாசம் போனேன். அப்புறம் ஊட்ல வேண்டாம்னுட்டாங்க."

"இப்பப் படிச்சு என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"அதெல்லாம் யோசிக்கலீங்க" என்றாள் பங்காரு. "ஆசை இருக்குதான்னுதானே கேட்டிருந்தீங்க."

"நாளைக்கு வாங்கக்கா. நான் கேட்டு வெக்கறேன்" என்றாள் மதிவதனி. யாரைக் கேட்பது என்று அவளுக்கே தெரியாது.

அன்று மத்தியானம் யுவஸ்ரீ சோறு கொண்டுவருவாள், நேரிலேயே கேட்டுவிடுவது என்று காத்திருந்தாள். சோற்றுப் பாத்திரத்தோடு வந்தது வேறொரு பெண். விசாரித்தபோதுதான் தெரிந்தது, மார்கழிக் கடைசியில் தாத்தா தவறியதற்காக லீவு போட்டிருந்த மயிலாத்தாள், திரும்பி வந்த கையோடு மகளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பியிருக்கிறாள். தினமும் காலையில் கம்பெனி வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதிவதனி அவர்கள் வீட்டுக்குப் போனாள். யுவஸ்ரீ வாசல் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"கண்ணு, நீ மறுபடி பள்ளிக்கூடம் போகணும்னு நெனைக்கறயா? நான் உங்கம்மாகிட்டப் பேசட்டுமா?"

யுவஸ்ரீ அலசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இப்பக் கேக்கறீங்க?"

"முன்னயே கேட்டிருக்கோணும்."

"ஜூன் மாசம் கேட்டிருந்தீங்கன்னா ஆமான்னு சொல்லியிருப்பேனுங்க்கா. தாத்தா தவறினப்பக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. இப்ப வேன்ல நாங்க ஏழு பேர் போறோம். பேசிக்கிட்டே போறது நல்லா இருக்குது. தெச்ச பனியன்ல பிசிறு நூலு வெட்டறது கஷ்டமில்லீங்க. தாத்தாவைப் பாத்துக்கிட்டு தனியா உக்காந்திருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்."

"அப்ப வேண்டாமா?"

அந்தப் பெண் ஒரு பாவாடையை எடுத்துப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள். "தெரியலீங்க்கா. வேண்டாம்னுதான் நெனைக்கறேன். நீங்க கேட்டதும் என்னமோ மாதிரி இருக்குது."

"பேப்பரைக் குனிஞ்சு குனிஞ்சு படிப்பயே, அதனால நான் நெனச்சேன்."

"அது சும்மாங்க. தம்பி தூங்கறப்ப வேற என்ன பண்றது?"

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மதிவதனிக்கு எதுவுமே நேராகத் தெரியவில்லை. ஆசை இருக்கிறது என்று தான் முடிவு கட்டியவளுக்கு அது இல்லை, அல்லது இருந்து போய்விட்டது. தான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்காதவளுக்கு இருந்திருக்கிறது. பேசியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு புத்தகத்தை வாங்கி அதற்குள் கடிதத்தை ஒளித்து வைத்தோமே, அதற்குப் பதில் ஆறு மாசத்துக்கு முன் குழாயடியில் இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

பங்காரு மட்டும் தினமும் வந்தாள். சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்னால் தொட்டில் ரூமின் தரையில் உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடம் போகாமலே எட்டாவதுக்குத் தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று பிரான்சிஸ்தான் விசாரித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தானே வந்து கணக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். "ஏனுங்க பங்காரு, மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ்ஸுங்க" என்பார். "அதெப்படிங்க, ரெண்டு பேரும் இல்லைன்னா எப்படி இருக்குதுன்னு ஆகும்?" என்று பங்காரு கேட்பாள். மதிவதனியும் அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியிருந்தாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. மூன்று பேரும் தரையில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். சீக்கிரமே விட்டுவிட்டுப் போன குழந்தை ஏதாவது அழுதால் பங்காருவே ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறுகையால் எழுதுவாள். சில நாள் விளங்கும். சில நாள் பிரான்சிஸுக்கே குழம்பிப்போய், "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்று எழுந்துவிடுவார்.

பங்காரு முதல் தடவை எழுதியதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டன. மறுபடி பணம் கட்டி, அடுத்த வருஷம் அந்த இரண்டையும் எழுதக் கோயம்புத்தூர் போனாள். இரண்டாவது நாள் அறிவியல் பரீட்சைக்கு மதிவதனி லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தில் பார்த்தால் வந்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் காக்கிச் சட்டை போட்ட ஆண்கள். லாரி ஓட்டுகிறவர்கள், கிளீனர்கள். லைசென்ஸுக்கு எட்டாவது தேற வேண்டும் என்பதற்காக எழுத வந்தவர்கள். மீசை நரைத்த ஒரு டிரைவர் பங்காருவைப் பார்த்து, "நீங்களும் கனரக வண்டி ஓட்டப் போறீங்களாம்மா?" என்று மரியாதையாகவே கேட்டார். பங்காரு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றாள். அவர் அதை நம்பிவிட்டார். எந்த ஆர்டிஓ ஆபீஸுக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்கக்கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது பங்காருவின் விரலெல்லாம் மை.

"எப்படிங்க்கா எழுதியிருக்கீங்க?"

"எல்லாத்தையும் எழுதிப்போட்டேன். சரியா தப்பான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது."

பஸ் ஏறுவதற்கு முன் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து ஆளுக்கொரு தேங்காய் பன்னும் காபியும் சாப்பிட்டார்கள். அப்போதுதான் மதிவதனி அந்த விஷயத்தைச் சொன்னாள். கடிதம் யுவஸ்ரீக்கு எழுதியது என்றும், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றும், அவளுக்கு நல்லது செய்தோமா கெடுதல் செய்தோமா என்று இன்றைக்கும் புரியவில்லை என்றும் சொன்னாள். பங்காரு பன்னைப் பிய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று மதிவதனி எதிர்பார்த்தாள்.

"எனக்கும் புரியலீங்க" என்றாள் பங்காரு. பிறகு, "பத்தாவதுக்கு எத்தனை பாடமுங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சுங்க்கா. தமிழும் இங்கிலீஷும் ரெண்டு ரெண்டு பேப்பரு."

"அதுக்கு எங்க போயி எழுதிக் குடுக்கோணும்?"

மதிவதனிக்கு அது தெரியவில்லை. கல்லாவில் இருந்தவரைக் கேட்டார்கள். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தைக் கைகாட்டினார். போய்ப் பார்த்தால் அது வேறு ஆபீஸ். அங்கிருந்தவர் இன்னோர் இடத்தைச் சொன்னார். மூன்றாவது இடத்தில், முதலில் எட்டாவது ரிசல்ட் வரட்டும், அப்புறம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் இடம் கிடைக்காமல் இரண்டு பேரும் கருமத்தம்பட்டி வரை நின்றுகொண்டே வந்தார்கள்.